சீதனக் கிணற்றின் தண்ணீர்

மகளுக்கு,

இக்கடிதத்தை நீ இரண்டு முறை வாசிக்க வேண்டும். முதன்முறை தனியாக இருந்து வாசி. இரண்டாம் முறை வாசித்ததும் மடித்து, உன்னை மணக்கவிருக்கும் பிள்ளையிடம் கொடு. இதன் பிரதியொன்றை உடுப்பிட்டியில் அவருடைய தகப்பனாருக்கும் அனுப்பியிருக்கிறேன். ஆகையால் அவருக்கு எதைச் சொல்வது, எதை விடுவது என்று நீ யோசிக்க வேண்டியதில்லை. நீ கண்டிக்குப் படிப்பிக்கப் போன நாள் முதல் நான் எழுதிய கடிதங்கள் எல்லாம் உடம்பைப் பார், நேரத்துக்குச் சாப்பிடு என்று முடிந்தவை. இதிலும் ஒரு புத்திமதி இருக்கிறது. அதைச் சொல்ல நான் தகுதியற்றவன் என்பதை முதலில் நிறுவிவிட்டு, பிறகு சொல்வேன்.

சென்ற ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளை வீட்டார் வீடு பார்க்க வந்தார்கள். உன் மாமா அவர்களை முதலில் கிணற்றடிக்குத்தான் கூட்டிப்போனார். வாளியை இறக்கி, தானே அள்ளி, மாப்பிள்ளையின் தாயாருக்கு ஒரு செம்பில் வார்த்துக் கொடுத்தார். அந்த அம்மா குடித்துவிட்டு, "இளநி மாதிரியெல்லே கிடக்கு. எங்கடை பக்கத்திலை பாதிக் கிணறு சவர்" என்றார். "வீட்டுக்கு எழுதுற உறுதிப் பத்திரத்திலை கிணறும் சேர்த்திதான், அக்கா. பருப்பு ஒரு கொதியிலை அவியும்" என்று உன் மாமா சொன்னார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பிறகு விறாந்தையில் இருந்து கதைத்தபோது அந்த அம்மா உன் அம்மாவுக்கு இடப்பக்கமாக இருந்தார். உன் அம்மாவால் இப்போது கழுத்தைத் திருப்ப முடியாது என்பது உனக்குத் தெரியும். ஒவ்வொரு கேள்விக்கும் அவள் கதவு திறப்பதைப்போல இடுப்போடு முழு உடம்பையும் திருப்பித்தான் பதில் சொன்னாள். அவர்கள் அதைப் பார்த்தார்கள். சம்பந்தியாகப் போகிறவர் என்னைப் பார்த்து, "வாதமோ?" என்று மெதுவாகக் கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் உன் மாமா, "கிணத்தடியிலை வழுக்கி விழுந்தவ. சுகம் வந்திடும்" என்றார். நான் திறந்த வாயை மூடிக்கொண்டேன். உன் அம்மா எங்கும் விழவில்லை. அவளுக்கு வந்திருப்பது வாதமுமில்லை. அது என்னவென்று அந்த வீட்டில் அன்று எனக்கு மட்டும்தான் தெரியும். பதின்மூன்று வருடமாகத் தெரியும்.

அந்தக் கிணற்றின் கதை உனக்குப் பாதிதான் சொல்லப்பட்டிருக்கிறது. ஐம்பத்தாறாம் ஆண்டு நான் உன் அம்மாவைக் கலியாணம் செய்தேன். அதற்கு முந்திய வருடம் வரை எங்கள் ஒழுங்கையில் இருந்த எல்லாக் கிணறுகளிலும் ஒரே தண்ணீர்தான்: சுண்ணாம்புக் கல்லில் ஊறிய தண்ணீர். சவர்க்காரம் நுரைக்காது, கேத்திலின் அடியில் வெள்ளையாகப் படியும். மகளுக்குக் கொடுக்கும் வீட்டில் அப்படியொரு கிணறு இருக்கக் கூடாது என்று உன் அம்மப்பா நினைத்தார். பாறைக்கு வெடி வைத்து, கிணற்றை இன்னும் ஆழமாக இறக்கினார். கீழே வேறொரு ஊற்று வந்தது. மென்மையான தண்ணீர். எந்தக் கோடையிலும் வற்றாத தண்ணீர். ஊர் வந்து குடித்துப் பார்த்தது. இரசாயனம் படித்துப் பட்டம் பெற்ற மாப்பிள்ளைக்கு ஏற்ற கிணறு என்று யாரோ பகிடியாகச் சொன்னதை நான் பாராட்டாக எடுத்துக்கொண்டேன். அந்தத் தண்ணீரை ஒரு பரிசோதனைக் குழாயில் பிடித்துப் பார்க்க வேண்டும் என்று அந்தப் பட்டதாரிக்குத் தோன்றவில்லை. ருசியே போதுமான சோதனையாக இருந்தது.

வேலிக்கு அந்தப் பக்கம் பாக்கியம் வீடு. அவர்களுடைய கிணறு ஆழமாக்காத பழைய கிணறு. அவர்கள் எங்கள் கிணற்றில் கயிறு போடக்கூடாது என்பது உனக்குத் தெரியும். ஏன் கூடாது என்று நீ கேட்டதற்கு நான் ஒருநாளும் ஒழுங்காகப் பதில் சொன்னதில்லை. ஆடி ஆவணியில் அவர்களுடைய கிணறு வற்றும்போது பாக்கியம் குடத்தைக் கொண்டுவந்து துவைகல்லுக்கு அப்பால் வைத்துவிட்டுத் தள்ளி நிற்பாள். உன் அம்மா அள்ளி, குடத்தில் முட்டாமல் உயரப் பிடித்து வார்ப்பாள். இது தருமம் என்று எங்கள் வீட்டில் சொல்லப்பட்டது. எங்கள் வீட்டார் அவர்கள் வீட்டில் ஒரு சொட்டும் குடிப்பதில்லை. இது ஆசாரம் என்று சொல்லப்பட்டது. வகுப்பறையில் எல்லா நீரும் ஒரே மூலக்கூறு என்று எழுதிக்காட்டிவிட்டு வீட்டுக்கு வந்து இந்த இரண்டையும் நான் கடைப்பிடித்தேன்.

உனக்கு ஆறு வயதாக இருந்தபோது ஒருநாள் நீ வேலியில் ஓட்டையாக இருந்த பொட்டுக்குள்ளால் பாக்கியம் வீட்டுக்குப் போய் விளையாடி, தாகமெடுத்து, அவள் தந்த தண்ணீரைக் குடித்துவிட்டு வந்தாய். வந்ததும் நீயாகவே சொன்னாய், "அப்பா, அவையின்ரை தண்ணி நாக்கிலை கடிக்குது" என்று. நான் உன்னைக் கையில் பிடித்துக் கிணற்றடிக்கு இழுத்துப்போனேன். நான் அடிக்கவில்லை, அடிக்காதவன் என்ற பெருமையும் எனக்கு இருந்தது. எங்கள் கிணற்றிலிருந்து ஒரு வாளி அள்ளி வைத்து, அந்தத் தண்ணீர் முடியும்வரை உன்னை வாய் கொப்பளிக்கச் செய்தேன். "துப்பு. இன்னொருக்கால். துப்பு" என்று நான் சொன்ன குரல் எனக்கு இன்றும் கேட்கிறது. நீ அழுதுகொண்டு கொப்பளித்தாய், இடையில் கொஞ்சத்தை விழுங்கினாய். கடைசியில், "இனிச் சுத்தம்" என்று சொல்லி உன் முகத்தைத் துடைத்தேன். நான் இனி எழுதப்போவதை வாசிக்கும்போது இந்த இடத்தை நினைவில் வைத்திரு.

உன் முன்பற்கள் விழுந்து முளைத்தபோது அவற்றில் சுண்ணாம்பு பூசியதைப்போல வெள்ளைத் திட்டுகளும் அவற்றின் மேல் பழுப்புக் கோடுகளும் இருந்தன. உன் அம்மா உமிக்கரியைக் குற்றம் சொன்னாள், நான் உன் சோம்பலைக் குற்றம் சொன்னேன். சிரிக்கும்போது கையால் வாயை மூட நீ எப்போது பழகினாய் என்று எனக்குத் தெரியாது. ஆனால் யாரால் பழகினாய் என்று தெரியும். உனக்குப் பத்து வயதானபோது எங்கள் பாடசாலைக்குப் பிள்ளைகளின் பல்லைப் பார்க்க ஒரு வைத்தியர் வந்தார். உன்னையும் கூட்டிப்போய்க் காட்டினேன். அவர் உன் வாயைப் பார்த்துவிட்டு என்னைத்தான் பார்த்தார். "உது துலக்கிப் போற ஊத்தை இல்லை, மாஸ்ரர். பல்லு உருவாகேக்கையே உள்ளுக்கை ஊறினது. எந்தக் கிணறு?" என்றார். அடுத்த மாதம் பரீட்சைத் தாள் திருத்தக் கொழும்புக்குப் போனபோது, கழுவிக் காயவைத்த ஒரு போத்தலில் எங்கள் தண்ணீரையும், வேறொரு போத்தலில் பாக்கியம் வீட்டுத் தண்ணீரையும் கொண்டுபோனேன். இரண்டாவதை அவள் சந்தைக்குப் போயிருந்த நேரம் பார்த்து, கேளாமல் எடுத்தேன். அவளிடம் தண்ணீர் கேட்பதைவிடக் களவெடுப்பது எனக்கு இலகுவாக இருந்தது.

என்னோடு பல்கலைக்கழகத்தில் படித்த ஒருவர் அங்கே ஓர் ஆய்வுகூடத்தில் இருந்தார். மூன்று கிழமையில் அவருடைய கடிதம் வந்தது. எங்கள் கிணற்றில் புளோரைட்டு, பிள்ளைகள் மட்டுமல்ல, பெரியவர்களும் தொடர்ந்து குடிக்கத் தகாத அளவு இருந்தது. பாக்கியம் வீட்டுக் கிணற்றில் அது பொருட்படுத்தத் தேவையில்லாத அளவு. காரணத்தை அவர் எழுதத் தேவையில்லை. நானே ஆண்டுதோறும் படிப்பிப்பதுதான். கல்சியம் நிறைந்த தண்ணீரில் புளோரைட்டு அதோடு சேர்ந்து படிந்துவிடும், கரைசலில் அதிகம் நிற்காது. கேத்திலில் வெள்ளையாகப் படியும் தண்ணீர், நாங்கள் கல்லுத் தண்ணி என்று நையாண்டி செய்த தண்ணீர், அந்தக் கல்லினாலேயே காப்பாற்றப்பட்டிருந்தது. எங்கள் தண்ணீரின் இனிமை, கல்சியம் இல்லாத இனிமை. அடியில் அவர் இரண்டு வரி சேர்த்திருந்தார்: கொதிக்கவைத்தால் போகாது, இன்னும் செறியும்; கரியாலும் மணலாலும் வடித்தால் போகாது; வேறு கிணற்றுக்கு மாறுவதே வழி.

எலும்பை நாம் செத்த பொருளாக நினைக்கிறோம், வீட்டுக் கூரையைத் தாங்கும் வளை மரத்தைப்போல. அது அப்படியல்ல. கல்சியமும் பொசுபேற்றும் சேர்ந்து கட்டிய அந்தக் கட்டடத்தை உடம்பு ஒவ்வொரு நாளும் கொஞ்சம் இடித்துக் கொஞ்சம் கட்டுகிறது. கட்டும்போது கையில் கிடைப்பதை வைத்துக் கட்டுகிறது. புளோரைட்டு அந்த வரிசையில் பொருந்திப்போகும். சிறிதளவென்றால் பல்லுக்கு நன்மை. அளவு மிஞ்சினால் எலும்பு தடிக்கும், பாரமாகும், ஆனால் நொறுங்கும். மூட்டுகளின் ஓரத்தில் முள் வளரும். எலும்போடு எலும்பைக் கட்டிவைத்திருக்கும் நார்கள், வளைவதற்கென்றே இருப்பவை, கல்லாகும். அதற்குப் பத்துப் பதினைந்து வருடம் எடுக்கும். அந்தக் கடிதம் என் கைக்கு வந்த நாளில் உன் பற்களுக்கு நடக்க வேண்டியது நடந்து முடிந்திருந்தது. உன் அம்மாவின் எலும்புக்கு நடக்க வேண்டியது முடிந்திருக்கவில்லை. இந்த ஒரு வசனத்தைத்தான் பதின்மூன்று வருடமாக எழுதாமல் இருந்தேன்.

ஏன் சொல்லவில்லை என்று நீ கேட்பாய். உன் அம்மப்பா அப்போது இருந்தார்; ஒவ்வொரு காலையும் வந்து, அந்தக் கிணற்றில் ஒரு செம்பு குடித்து, "உதுக்கு ஊரிலை இணை கிடையாது" என்று சொல்லிவிட்டுத் தோட்டத்துக்குப் போவார். அவருடைய மனம் நோகும் என்று எனக்கு நானே சொன்னேன். அவர் செத்து இத்தனை வருடம் ஆகியும் நான் சொல்லவில்லை. ஆகவே அது காரணமல்ல. உன் மாமாவின் கிணறு இரண்டு ஒழுங்கை தள்ளி இருந்தது, அங்கிருந்து எடுத்திருக்கலாம். ஆனால் ஏன் எடுக்கிறாய் என்று கேட்பார்கள். எங்கள் தண்ணீர் கூடாது என்றால், பக்கத்து வீட்டுத் தண்ணீர் எப்படியென்று கேட்பார்கள். அது நல்லது, எங்களுடையதுதான் நஞ்சு என்று என் வாயால் சொல்ல வேண்டும். காரணம் இதுதான். இதைவிடப் பெரிய காரணம் ஒன்று இருக்கும் என்று நான் தேடிப் பார்த்தேன், இல்லை. அந்தக் கடிதத்தை இரசாயனப் புத்தகமொன்றுக்குள் வைத்து அலுமாரியைப் பூட்டினேன். பூட்டிவிட்டு, சந்தையில் இரண்டு மண்பானை வாங்கிவந்து, ஒன்றில் கரியும் மணலும் நிரப்பி, குசினி மூலையில் தண்ணீர் வடிக்க வைத்தேன். அதனால் பயனில்லை என்று எனக்கு எழுத்தில் சொல்லப்பட்டிருந்தது. உன் அம்மா அடுத்த வீட்டு உறவினரிடமெல்லாம், "இவர் சயன்ஸ் படிச்சவர், எங்களுக்குத் தண்ணி வடிச்செல்லே தாறார்" என்று சொல்லித் திரிந்தாள். நான் பகலெல்லாம் பாடசாலையில் வேறு தண்ணீர் குடித்தேன். நீ பிறகு பல்கலைக்கழகத்துக்குப் போனாய். அந்தக் கிணற்றை விட்டு ஒருநாளும் நகராமல், அதில் சமைத்து, அதில் தேத்தண்ணி போட்டு, அடுப்படி வெக்கையில் செம்பு செம்பாகக் குடித்தவள் அவள் ஒருத்திதான்.

மூன்று வருடத்துக்கு முன் அவளை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். டொக்டர் எக்ஸ்றேப் படத்தை யன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். முள்ளந்தண்டு சுண்ணாம்புக் கட்டியைப்போல வெள்ளையாக இருந்தது. "எலும்பு இவ்வளவு வெள்ளையா இருக்கக்கூடாது. ஆராவது உங்கடை வீட்டுத் தண்ணியைச் சோதிச்சவையோ?" என்று கேட்டார். உன் அம்மா முந்திக்கொண்டு, "எங்கடை கிணறு ஊரிலையே திறம் தண்ணி, டொக்டர்" என்றாள். அவர் என் பதிலுக்காக என்னைப் பார்த்தார். நான், "சோதிக்கேல்லை" என்றேன். என் மனைவி பக்கத்தில் இருக்க, அவளுடைய எலும்பு எதிரே வெளிச்சத்தில் தொங்க, அதைச் சொன்னேன். வரும் வழியில் பஸ்ஸில் அவள், "உந்த டொக்டருக்கு எங்கடை ஊர் தெரியாது, பாவம்" என்றாள்.

அன்றாவது அந்தத் தண்ணீரை நிறுத்தியிருந்தால் நோவாவது கொஞ்சம் குறைந்திருக்கும். நிறுத்தவில்லை. இப்போது அந்தக் கிணறு உனக்குச் சீதனமாக எழுதப்படப்போகிறது. உன் பிள்ளைகள் அதில் குடிக்கும், அவர்களுடைய பற்கள் அதில் உருவாகும். ஞாயிற்றுக்கிழமை அந்த அம்மா செம்பை உயர்த்திக் குடித்தபோது இதுதான் என் கண்ணுக்குத் தெரிந்தது. தெரிந்தும் சிரித்தேன்.

திங்கட்கிழமை காலை அலுமாரியைத் திறந்து அந்தக் கடிதத்தை எடுத்து, குசினியில் நின்று உன் அம்மாவுக்கு முழுவதையும் வாசித்தேன். அவள் புளி கரைத்துக்கொண்டிருந்தாள். கையை எடுக்கவில்லை.

"எப்ப வந்தது உது?" என்றாள்.

சொன்னேன்.

"அப்ப பிள்ளைக்குப் பத்து வயசு." பிறகு மூலையில் இருந்த பானையைப் பார்ப்பதற்காக முழுதாகத் திரும்பினாள். "அந்தக் கரிப் பானை?"

"அதாலை ஒரு பிரயோசனமும் இல்லை."

"தெரிஞ்சுகொண்டோ வைச்சனீங்கள்?"

"ஓம்."

அழுவாள் என்று எதிர்பார்த்தேன், அவள் அழவில்லை. கையைக் கழுவினாள். "வாளியை எடுங்கோ. பாக்கியம் வீட்டை போய்த் தண்ணி கேட்டு அள்ளிக்கொண்டு வாங்கோ. வேலிப் பொட்டுக்குள்ளாலை போகவேண்டாம். றோட்டாலை போங்கோ" என்றாள்.

றோட்டால் போனேன். படலையில் நின்று கூப்பிட்டேன். உன் அம்மாவின் வயதுதான் பாக்கியத்துக்கும்; குனிந்து முற்றம் கூட்டிக்கொண்டிருந்தவள் ஒரே வீச்சில் நிமிர்ந்தாள். அந்த நிமிர்வைப் பார்க்க எனக்கு வெட்கமாக இருந்தது. "என்ன வாத்தியார், தண்ணி இறைக்கிற மிஷின் பழுதோ? கயிறு அறுந்து போச்சோ?" என்றாள்.

"இல்லை. குடிக்கத் தண்ணி வேணும்."

"ஆருக்குக் குடிக்க?"

"எங்களுக்கு."

அவள் விளக்குமாற்றைச் சுவரில் சாத்தினாள். நான் காரணத்தையும், அந்தக் கடிதம் எப்போது வந்தது என்பதையும் சொன்னேன். அவளுடைய கிணற்றில் கேளாமல் எடுத்ததையும் சொன்னேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவள், "கோடைக்குக் கோடை நீங்கள் வாத்துவிட்ட தண்ணியைத்தானே என்ரை பிள்ளையளும் குடிச்சவை. பதின்மூண்டு கோடை. எங்களுக்கும் சொல்லேல்லை" என்றாள். அது என் மனதில் ஒருநாளும் எழுந்ததேயில்லை. யார் யாரிடம் உண்மையை மறைத்தேன் என்ற கணக்கில்கூட அவர்களை நான் சேர்த்திருக்கவில்லை. அவள் கிணற்றைக் கையால் காட்டினாள். "கயிறு உதிலை கிடக்கு. அள்ளுங்கோ. நான் வாக்கமாட்டன், எங்களுக்கு வாத்துப் பழக்கமில்லை." நான் அள்ளும்போது பின்னால் நின்று மெதுவாகச் சொன்னாள்: "அண்டைக்கு உங்கடை பிள்ளையைக் கொப்பளிக்கப் பண்ணினது எனக்குக் கேட்டது, வாத்தியார். வேலியோடைதான் நிண்டனான். எத்தினை தரம் துப்பினவள் எண்டும் எண்ணினனான்."

வாளியோடு திரும்பும்போது உன் மாமா சைக்கிளில் எதிரே வந்தார். "அத்தான், என்ன கோலம் உது?" என்றார். சொன்னேன். "கலியாணம் முடியட்டும், பிறகு பாப்பம்" என்றார். நான் நடந்துவிட்டேன். வீட்டில் உன் அம்மா தம்ளரை வாயில் வைத்துக் குடித்தாள். முன்பு அவள் செம்பை உயர்த்தி அண்ணாந்துதான் குடிப்பாள், உதட்டில் படாது. அண்ணாந்து பார்க்க முடியாமல் போய் இரண்டு வருடமாகிறது. குடித்துவிட்டு, "நாக்கிலை கடிக்குது" என்றாள். பிறகு, "பழகும்" என்றாள். அதன்பின் அன்று முழுவதும் அவள் என்னோடு கதைக்கவில்லை. இன்றுவரை தேவைக்கு மேல் கதைக்கவில்லை. அதைப்பற்றி எனக்கு முறைப்பாடு இல்லை.

உறுதி எழுதும் நொத்தாரிசிடம் போய்ச் சொல்லிவிட்டேன்: உறுதியில் வீட்டோடு கிணறும் எழுதப்படும், அந்தக் கிணற்று நீர் குடிக்கவும் சமைக்கவும் ஆகாது என்ற வரியும் எழுதப்படும். தென்னைக்கும் வாழைக்கும் இறைக்கலாம். உடுப்பிட்டிக்காரர் இதை வாசித்துவிட்டுக் கலியாணம் வேண்டாம் என்று சொன்னால், அந்தப் பழி கிணற்றில் இல்லை, உன் அம்மாவில் இல்லை, என்னில் இருக்கிறது. ஊரில் யார் கேட்டாலும் அப்படியே சொல். உன் முகத்தில் பழுதிருப்பதாக நினைத்துத்தான் நீ போட்டோக்காரர் சிரிக்கச் சொன்ன ஒவ்வொரு முறையும் உதட்டை இறுக்கினாய். அது உன்னுடைய பழுதல்ல. நீ கையை எடுத்துவிட்டுச் சிரிக்கலாம். பார்ப்பவர்கள் பார்ப்பது என்னை.

புத்திமதி என்று சொன்னேன் அல்லவா, அது இவ்வளவுதான். நீ லீவில் வரும்போது செய்ய வேண்டியது. ஸ்டேஷனிலிருந்து நேரே எங்கள் வீட்டுக்கு வராதே. முதலில் பாக்கியம் வீட்டுப் படலையில் நின்று கூப்பிடு. தண்ணீர் கேள். அவள் தரவேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை, தந்தால் குடி. குடித்துவிட்டு, வாய் கொப்பளிக்காமல் வீட்டுக்கு வா. நான் கிணற்றடியில் நிற்கமாட்டேன்.

அப்பா